எஸ்டி பைக்கை முதல் நாளே உதைக்காதீர்கள்

பெங்களூரில் பழைய எஸ்டி (Yezdi) மோட்டார் சைக்கிள் கையில் கிடைத்தவர்கள் முதலில் செய்வது கிக்கரை உதைப்பது. அடுத்தது பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் விலை கேட்பது. என்னைக் கேட்டால் உதைப்பது கடைசி வாரத்து வேலை, பெயின்ட் அடுத்த வருடத்து வேலை.

நான் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறவன், வீடு ஸ்ரீராம்புரம். இந்த வண்டி அல்சூரில் இருக்கும் மாமாவுடையது. சி.ஏ. என்று தொடங்கும் பழைய நம்பர், 250 சி.சி., மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றது. "முதல்ல டேங்குக்கு குரோம் போடுடா மாப்ளே, பார்க்க லட்சணமா இருக்கட்டும்" என்றார் மாமா. ஓடாத வண்டிக்கு லட்சணம் எதற்கு மாமா என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். புதுப் பெயின்ட் அடித்த பிறகு கார்புரேட்டர் ஒழுகினால் பெட்ரோல் பட்ட இடமெல்லாம் உரியும். ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடி) கழற்ற டேங்கை நாலு தடவை இறக்கி ஏற்றினால் கீறல் விழும். வண்டி ஓடி, நின்று, மறுபடி ஓடி, ஒழுகுவதெல்லாம் ஒழுகி முடிந்த பிறகுதான் அழகு.

இங்கே சொல்வது பாயின்ட் (திறந்து மூடித் தீப்பொறி தரவைக்கும் தொடுமுனை) இக்னிஷனும் 6 வோல்ட் டைனமோவும் உள்ள எஸ்டிக்கு. எஸ்டிக்கு முன்னோடியான பழைய ஜாவாவுக்கும் ஏறக்குறைய இதேதான். சி.டி.ஐ. (பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்) வைத்த ரோட்கிங் மாடல் என்றால் பாயின்ட், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள்.

காகிதம்

ஒரு ரூபாய் செலவு செய்யும் முன் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) எடுத்து இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எஸ்டிகளில் இன்ஜின் மாற்றிப் போட்டது சகஜம். ஆர்.சி.யும் இல்லை, நம்பரும் ஒத்துவரவில்லை என்றால் அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஆர்.சி. தொலைந்திருந்தால் நகலுக்குப் படிவம் 26, காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்கப் படிவம் 25. உரிமையாளர் உயிரோடு இருந்து பெயர் மாற்ற வேண்டுமானால் 29, 30. அவர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசுக்கு 31. ஐம்பது வயது கடந்த வண்டிகளை 'விஏ' எழுத்துள்ள வின்டேஜ் எண்ணில் பதிய 2021 விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினை இளக்குவது

நின்றுபோன டூ ஸ்ட்ரோக் இன்ஜினை ஏன் உதைக்கக் கூடாது? சிலிண்டர் சுவரில் துரு பூத்திருக்கும். பிஸ்டன் ரிங்குகள் பழைய ஆயிலின் பசையில் பிஸ்டனில் உள்ள தங்கள் காடியிலேயே (பள்ளத்திலேயே) ஒட்டியிருக்கும். அந்த நிலையில் உதைத்தால் துருவின் துகள்கள் போரில் (சிலிண்டரின் உட்துளையில்) கோடு போடும். ரிங் எங்காவது போர்ட்டின் (சிலிண்டர் சுவரில் உள்ள திறப்பு) விளிம்பில் மாட்டி உடைந்தால் அந்தத் துண்டு சிலிண்டரைக் கிழித்துவிடும். ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது) இல்லாமலே ஓடியிருக்க வேண்டிய வண்டிக்கு ரீபோர் செலவு வந்து சேரும்.

பிளக்கைக் கழற்றுங்கள். ஐம்பது மி.லி. அளவுக்கு டூ-டி (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான) ஆயிலும் டீசலும் கலந்து அந்தத் துளையில் ஊற்றி, குப்பை விழாமல் துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கிக்கரைவிட இது நல்லது, ஏனென்றால் இன்ஜின் எங்கே பிடிக்கிறது என்று கைக்கே தெரியும். பிளக் மாட்டாமல் சக்கரம் ஒரே சீராகச் சுற்றினால் பாதி கண்டம் தாண்டியாயிற்று.

அசையவே இல்லையென்றால் மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. பொறுமை போய்ப் பிளக் துளை வழியாகக் கம்பியை விட்டுச் சுத்தியலால் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் அலுமினியம், ஓட்டை விழுந்துவிடும். அதற்கு ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றிவிடுவதே மேல். கழற்றியதும் போரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள், நகம் தட்டுகிற வரப்பு இருக்கிறதா என்று. இருந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கு ஏற்றபடி போர் பண்ணச் சொல்லுங்கள். 'ஓவர் சைஸ் 50' என்று வாயால் சொல்லிவிட்டு வந்தால், பிறகு வாங்குகிற பிஸ்டன் அந்த அளவுக்கு இல்லாமல் போகலாம். மாட்டும்போது ரிங்கின் வாய் பிஸ்டன் காடியில் உள்ள சிறு ஊசியின் மேல் உட்கார வேண்டும். அந்த ஊசி ரிங்கைச் சுழலவிடாமல் பிடிக்கிறது. அது தவறினால் ரிங் முனை போர்ட்டில் மாட்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துப் பாருங்கள். கறுப்பாக வந்தால் கவலையில்லை. வெளுத்துக் கலங்கி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, புது ஆயிலை விட்டு, சக்கரத்தைச் சுற்றி, மறுபடி வடித்துக் கழுவ வேண்டும். இந்த வண்டிகளில் கிளட்சும் இதே ஆயிலில்தான் குளிக்கிறது. அதனால் வழுக்கும் சேர்மானம் கலந்த நவீன கார் ஆயிலை ஊற்றாதீர்கள், கிளட்ச் ஸ்லிப் ஆகும். நெடுநாள் நின்றதில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். லீவரைப் பிடித்துக்கொண்டு கியரில் வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

டேங்கும் கார்புரேட்டரும்

பழைய பெட்ரோலின் வாடையே வேறு, வார்னிஷ் மாதிரி அடிக்கும். வடித்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். துரு லேசாக இருந்தால் எலுமிச்சை உப்பு போதும். அதாவது மளிகைக் கடையில் கிடைக்கிற சிட்ரிக் ஆசிட். வெந்நீரில் கரைத்து டேங்கை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். துரு தடித்திருந்தால் ஒரு பழைய சங்கிலித் துண்டை உள்ளே போட்டுக் குலுக்கலாம். நட்டு போல்ட்டு போடுவதைவிடச் சங்கிலி வசதி, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதும் வெளியே வந்துவிடும். பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டாம், துருவோடு தகட்டையும் தின்னும். கழுவி முடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு தடவை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அன்றே டூ-டி ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றிவிடுங்கள். ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி மஞ்சள் பூத்திருக்கும். ஊசித் துளை இருந்து பற்றவைக்க வேண்டுமானால் ரேடியேட்டர் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கிற காலி டேங்கில் நெருப்பைக் காட்டுவது உயிரோடு விளையாடுவது.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைந்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஒரு கிலோமீட்டர் ஓடும், நின்றுவிடும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உதைத்தால் மறுபடி ஓடும். இப்படி ஒரு வண்டிக்குக் காயிலை மாற்றி, கண்டென்சரை மாற்றி, கார்புரேட்டரையே மாற்றியவரை எனக்குத் தெரியும். ஊசியால் குத்தினால் தீர்ந்திருக்கும்.

இந்த வண்டிகளில் உள்ள ஜிகோவ் கார்புரேட்டரை முழுதாகக் கழற்றிக் கார்ப் கிளீனரில் கழுவுங்கள். ஜெட்டுக்குள் (பெட்ரோல் வரும் நுண்துளை) இரும்புக் கம்பியை விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை போதும். பித்தளை ஃப்ளோட்டை (மிதவை) காதருகே குலுக்குங்கள். உள்ளே திரவச் சத்தம் கேட்டால் ஓட்டை. வெந்நீரில் முக்கினால் குமிழி வருகிற இடம் தெரியும், உள்ளே போன பெட்ரோலை முழுக்க வெளியேற்றிய பிறகு மிகக் கொஞ்சம் ஈயம் வைத்து அடைக்கலாம். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான், எடை கூடினால் பெட்ரோல் மட்டம் ஏறும். இன்ஜினோடு சேருகிற ஃபிளாஞ்ச் முகம் வளைந்திருக்கும், யாரோ எப்போதோ நட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்கியிருப்பார்கள். கண்ணாடித் தட்டின் மேல் எமரி தாளை வைத்து எட்டு போடுகிற மாதிரி தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

ரப்பர் குழாய், பெட்ரோல் காக் (டேங்குக்குக் கீழே உள்ள திருகு) வாஷர் எல்லாம் புதிது போடுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி உப்பும், இளகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறதென்றால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டுக் கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

தீப்பொறி

இந்த வண்டிக்கு பேட்டரி உயிர். 6 வோல்ட் பேட்டரியில் சார்ஜ் இல்லாமல் தீப்பொறியைத் தேடுவது வீண். புது பேட்டரி போட்டு, இக்னிஷன் ஆன் செய்து, பிளக்கை ஹெட்டின் உலோகத்தில் அழுத்தி வைத்து, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிளக் துளைக்குத் தள்ளியே வையுங்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும். நீலமாகச் 'சடக்' என்று வந்தால் நல்லது. சிவந்து சோம்பலாக வந்தாலும் வராவிட்டாலும் பாயின்ட்டைப் பாருங்கள்.

வலப்பக்க மூடியைக் கழற்றினால் டைனமோவும் பாயின்ட்டும் கண்முன் இருக்கும். பாயின்ட்டின் முகம் கறுத்திருக்கும். மெல்லிய எமரியை நடுவில் விட்டு இழுத்து, பிறகு வெள்ளைத் தாளை விட்டு இழுத்துத் துடையுங்கள். முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.4 மி.மீ., ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) இல்லாமல் கண்மதிப்பில் வைக்காதீர்கள். பிளக் இடைவெளி 0.6. பாயின்ட்டில் மஞ்சளாகப் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர் போயிருக்கிறது. பிளக்குக்குப் போகிற ஹெச்.டி. ஒயரின் நுனியில் அரை அங்குலம் பச்சை பூத்திருக்கும், அதை வெட்டிவிட்டுப் பிளக் கேப்பை மாட்டுங்கள்.

டைமிங்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, தொழில் அப்படி. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு ஏறத்தாழ 3 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்க வேண்டும். உங்கள் மாடலின் கையேடு கிடைத்தால் அதில் உள்ள எண்ணே இறுதி. 'காதால் கேட்டு வைக்கிறேன்' என்கிற மெக்கானிக்குகள் சிவாஜிநகரில் இன்னும் இருக்கிறார்கள், சிலர் கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் டயல் கேஜ் (முள் வைத்த அளவுகருவி) பொய் சொல்லாது. பிளக் துளை வழியாக வெர்னியரை விட்டு அளந்தால், துளை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கணக்குப் பிசகும். ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே உச்சியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 3 மி.மீ. இறக்கி, ரோட்டரிலும் கேஸிலும் ஒரு கோடு கீறிவிட்டால் பிறகு எப்போதும் அந்தக் கோடு போதும். கியரில் போட்டு வண்டியை முன்னோக்கித் தள்ளினால் இன்ஜின் ஓடுகிற திசையிலேயே சுற்றும், அந்தத் திசையில்தான் அளக்க வேண்டும். பாயின்ட் திறக்கும் கணத்தை அறிய ஒரு 6 வோல்ட் பல்பின் ஒரு முனையைப் பாயின்ட்டிலும் மறு முனையை பாடியிலும் கொடுத்து இக்னிஷனை ஆன் செய்யுங்கள். பல்பு எரிகிற நொடி பாயின்ட் திறந்துவிட்டது.

யாரும் பார்க்காத ஆயில் சீல்

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுற்றுகிற பெட்டி) ஒரு பம்புதான். பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, மேலே தள்ளுவது அதுதான். கிராங்கின் இரண்டு முனையிலும் இருக்கிற ஆயில் சீல் காய்ந்து கல்லாகிவிட்டால் பம்பு ஒழுகும். வலது, டைனமோ பக்கச் சீல் போனால் வெறும் காற்று உள்ளே வரும். ஐடிலில் இன்ஜின் தானாக ஏறும், சூடாகும், கடைசியில் பிஸ்டன் பிடிக்கும். இடது, கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். வெள்ளைப் புகை தெருவையே மறைக்கும், பிளக் நனைந்துகொண்டே இருக்கும். ஊரில் பாதிப் பேர் இதற்குத்தான் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். இரண்டு எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். பழைய பிளக்கின் உள்ளீட்டை எடுத்துவிட்டு ஒரு வால்வு டியூபைப் பற்றவைத்தால் அதுவே அடாப்டர். கேஜ் உள்ள சைக்கிள் பம்பால் 5 அல்லது 6 பி.எஸ்.ஐ. வரை மட்டும் அடியுங்கள், அதற்கு மேல் போனால் நல்ல சீலும் பிதுங்கும். முள் சில நிமிடமாவது கிட்டத்தட்ட அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் டைனமோ பக்கம் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றுகிற துளையில் காதை வையுங்கள். அங்கே கொப்பளிக்கிற சத்தம் வந்தால் இடது சீல். நெடுநாள் நின்ற வண்டியென்றால் சோதனையே வேண்டாம், இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. சீல் விலை ஒரு பெரிய விஷயமே இல்லை, வேலைதான் பெரிது. கிராங்க் பேரிங்கில் ஆட்டம் தெரிந்தால் கேஸையே பிளக்க வேண்டியிருக்கும். அதை வீட்டு வாசலில் செய்யாமல், எஸ்டி இன்ஜின் பிரித்துப் பழகியவரிடம் கொடுங்கள்.

சாமான் வாங்குவது

இந்த வண்டிகளைக் கட்டியது மைசூரில் இருந்த ஐடியல் ஜாவா. 1961 முதல் செக் நாட்டு ஜாவாவின் உரிமத்தில் கட்டினார்கள், பிறகு எஸ்டி என்ற பெயரில். 1996இல் மூடிவிட்டார்கள். 2018இல் ஜாவாவும் 2022இல் எஸ்டியும் பெயர் திரும்பி வந்தன, ஆனால் அவை ஃபோர் ஸ்ட்ரோக். அந்த ஷோரூமில் போய்ப் பழைய வண்டிக்குப் பாயின்ட் கேட்டால் சிரிப்பார்கள். நமக்கு உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோடுதான். எந்தச் சாமானானாலும் பழையதைக் கையில் கொண்டுபோய்க் கவுண்டரில் வையுங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் மாடல் மாறிவிடும். டூப்ளிகேட்டில் கேபிள், கேஸ்கெட், ரப்பர் பரவாயில்லை. பாயின்ட்டிலும் ஆயில் சீலிலும் மட்டும் விலை பார்க்காதீர்கள். மட்டமான பாயின்ட்டில் கேமைத் தொடுகிற ஃபைபர் சீக்கிரம் தேயும், டைமிங் ஓடிவிடும். பழைய ஸ்டாக் மைக்கோ பிளக் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஆடுகோடியில் இருக்கிற இன்றைய பாஷ்தான் அன்றைய மைக்கோ. சிவாஜிநகர் குஜ்ரி (பழைய சாமான்) கடைகளில் மட்கார்டு, டூல் பாக்ஸ் மூடி கிடைக்கலாம். இன்ஜினுக்குள் போகிற எதையும் அங்கே வாங்க மாட்டேன்.

டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். பிரேக் ஷூவின் மேல் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

உதைக்கும் நாள்

சைலன்சர் முனையைப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், ஏர் ஃபில்டரில் எலி பஞ்சு சேர்த்திருக்கும். சைலன்சரின் உள்குழாயை உருவிக் கரியைச் சுரண்டிவிடுங்கள். அடைந்த சைலன்சரோடு டூ ஸ்ட்ரோக் இழுக்கவே இழுக்காது.

முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்க் வேண்டாம். ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் லிட்டருக்கு 40 மி.லி. டூ-டி ஆயில் கலந்து, உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, குழாயைக் கார்புரேட்டரில் கொடுங்கள். திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு. கையில் ஒரு தடித்த துணி இருக்கட்டும். காற்று ஒழுகி இன்ஜின் தறிகெட்டு ஏறினால், சாவியைத் திருப்பியும் நிற்காவிட்டால், கார்புரேட்டர் வாயை அந்தத் துணியால் அடைக்க வேண்டும்.

டிக்ளரை (கார்புரேட்டரில் உள்ள சிறு பொத்தான்) அழுத்திப் பெட்ரோல் கசியும்வரை பிடியுங்கள். இக்னிஷன் போடாமல் சில தடவை மெல்ல உதைத்து உள்ளே இழுக்கவிடுங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு: எஸ்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றேதான். உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் கிக்கராகும். இப்போது சாவி, இப்போது உதை. பிடித்துக்கொண்டால் லீவரை மறக்காமல் கீழே மடக்குங்கள்.

புகை பயங்கரமாக வரும். நீங்கள் ஊற்றிய ஆயில் எரிகிறது, எதிர்வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பத்து நிமிடத்திலும் குறையாவிட்டால்தான் இடது சீலைச் சந்தேகப்பட வேண்டும். ஹெட்லைட் கிண்ணத்தில் சிவப்பு சார்ஜ் விளக்கு வேகம் கூட்டும்போது அணைகிறதா பாருங்கள். அணையாவிட்டால் டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இதையே இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

தெருவில் ஓட்ட ஆரம்பித்த பிறகு பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் காற்று அதிகம், உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் அதிகம் அல்லது ஜெட் பெரிது.

வண்டி ஓடியதும் எல்லோரும் அடுத்த ஞாயிறே நந்தி மலைக்குக் கிளம்புகிறார்கள். ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்குவதுதான். ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்கினால் பெட்ரோல் வராது, பெட்ரோல் வராவிட்டால் அதோடு கலந்த ஆயிலும் வராது, சுற்றிக்கொண்டிருக்கிற பிஸ்டன் வறண்டு பிடித்துவிடும். இறக்கத்தில் அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைத் தொட்டுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். அதற்கு முன் ராஜாஜிநகர், மல்லேஸ்வரம் என்று வீட்டைச் சுற்றியே சில வாரம் ஓட்டுங்கள், தள்ளிக்கொண்டு வரக்கூடிய தூரத்துக்குள். டூல் பாக்ஸில் ஒரு பிளக், ஒரு செட் பாயின்ட், கிளட்ச் கேபிள் ஒன்று, ஃபீலர் கேஜ். 500 கிலோமீட்டர் ஆனதும் பாயின்ட் இடைவெளியை மறுபடி அளங்கள், புது ஃபைபர் தேய்ந்து நிச்சயம் குறைந்திருக்கும். அன்றே கியர்பாக்ஸ் ஆயில் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். வெளியே எங்கும் சொட்டாமல் மட்டம் மட்டும் இறங்கியிருந்தால் இடது சீல் வழியாக இன்ஜின் குடிக்கிறது, மறுபடி கிளட்ச் மூடியைக் கழற்ற வேண்டியதுதான்.